மூன்று மணிக்குள் ஒரு அப்டேட்

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது கையில் ஏழு மணி நேரம் இருந்தது. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு மதியம் மூன்று மணிக்கு. வீட்டிலிருந்தபடியே எழுதலாம். ஆனால் அவர்கள் அனுப்பிய தேர்வு மென்பொருளை எந்தக் கம்ப்யூட்டரில் போட்டுப் பதிவு செய்கிறோமோ அதில்தான் எழுத வேண்டும். வேறு கம்ப்யூட்டரில் திறக்காது, போனில் திறக்கவே திறக்காது.

பதிவையெல்லாம் மூன்று நாள் முன்னதாகவே செய்துவிட்டேன். அப்போதே திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்து நின்றது. உங்கள் இயங்குதளம் பழையது, தேர்வுக்கு முன் புதுப்பித்துக்கொள்ளவும், இல்லையென்றால் தேர்வு திறக்காது. அதைப் படித்தேன். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினேன். ஐ.சி.யூ.வில் மூன்று நாளும் இரட்டை டூட்டி. வீட்டுக்கு வந்தால் படுக்கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அது மட்டுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. அந்தக் கம்ப்யூட்டர் எப்போது அப்டேட் கேட்டாலும் 'பிறகு' என்பதை அழுத்துவதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். அண்ணன் அப்படித்தான் அழுத்துவான். அண்ணன் சவுதிக்குப் போன பிறகு நான் அழுத்தினேன். நாலு வருஷம் அழுத்தியிருக்கிறோம்.

வீட்டில் நானும் மைனியும்தான். மைனி அண்ணனின் மனைவி, என்னைவிட மூன்று வயது மூத்தவள். குலசேகரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்துகிறாள். கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ப்ளவுஸ் டிசைன் வீடியோ பார்ப்பது.

அப்டேட் பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக ஏறி, நீலத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இருபது சதவீதம். இருபத்தைந்து. முப்பத்தைந்தில் நின்றது. நான் குளித்துவிட்டு வந்தேன். முப்பத்தைந்து. இட்லி சாப்பிட்டேன். முப்பத்தைந்து. பிறகு, 'புதுப்பிப்பை முடிக்க முடியவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்று ஒரு வரி வந்தது. அணைந்தது, ஏறியது, மறுபடியும் முப்பத்தைந்து, மறுபடியும் அதே வரி. மூன்றாவது தடவையும் அதே கதை நடந்தபோது எனக்குப் பதறிவிட்டது. ஐ.சி.யூ. மானிட்டரில் கோடு நேராகப் போகும்போதுகூடப் பதறாதவள் நான்.

போனை எடுத்து, திரையில் தெரிந்த பிழை எண்ணை அப்படியே தேடலில் போட்டேன். முதலில் வந்ததே ஒரு உதவி எண். 'இருபத்து நான்கு மணி நேரமும் இலவச உதவி' என்று எழுதியிருந்தது. யோசிக்கவில்லை. அழைத்துவிட்டேன்.

எடுத்தவன் மிக மரியாதையாகப் பேசினான். நல்ல தமிழ், சென்னைப் பக்கத்துத் தமிழ். "பயப்படாதீங்க மேடம், நாங்க இருக்கோம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் சொல்லும் வார்த்தை. யாராவது நம்மிடம் சொன்னால் எவ்வளவு ஆறுதல் என்று அன்றுதான் தெரிந்தது.

உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, உங்கள் வைஃபை வழியாக அது போனுக்கும் வந்திருக்கும் என்றான். போனில் ஒரு செயலியைப் போடச் சொன்னான். போட்டேன். அதில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னான். படித்தேன். 'அனுமதி' என்பதைத் தொடச் சொன்னான். தொட்டேன்.

"இப்போ உங்க போன் எங்களுக்குத் தெரியுது மேடம். வைரஸ் பேங்க் ஆப்பைத் தொட்டிருக்கான்னு பாக்கணும். அதைத் திறந்து பின் நம்பர் போடுங்க."

அப்போது மைனி பால் விடாத கட்டஞ்சாயாவோடு உள்ளே வந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவன் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

"ஏட்டி, இது ஆரு?"

"கம்ப்யூட்டர் சரியாக்குக ஆளு மைனி."

"கம்ப்யூட்டர் சரியாக்குகவனுக்கு உனக்க பேங்கு எதுக்கு?"

பேங்க் ஆப்பைத் தொடப் போன விரலை நான் சட்டென்று எடுத்தேன். அந்த ஒரு விநாடியில் எனக்கு அவன் யாரென்று புரிந்துவிட்டது. அவன் மறுமுனையில், "மேடம், பக்கத்துல யாரும் இருந்தா வெளியே போகச் சொல்லுங்க, பாதுகாப்பு விஷயம்" என்றான்.

மைனி டம்ளரை மேசையில் வைத்தாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "எங்க வீட்டுல என்ன வெளிய போவச் சொல்லுகதுக்கு நீ ஆருடா, சவமே?" என்று கேட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

துண்டித்த பிறகும் திரையில் ஏதோ அசைந்தது. நாங்கள் யாரும் தொடாமலே ஒரு பக்கம் திறந்து மூடியது. அவன் இன்னும் உள்ளே இருக்கிறான்! "மைனி, ஏரோப்ளேன் படம், ஏரோப்ளேன் படம்!" என்று கத்தினேன். அவள் அதைத் தொட்டதும் போனின் சிக்னல் போயிற்று. வைஃபையும் சேர்ந்து போயிற்றா என்று நான் பார்த்தேன். போகவில்லை. அதையும் அணைத்தேன். அசைவு நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மைனிக்கு மூச்சு வாங்கியது, ஏதோ ஓடி வந்தவள் போல.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எங்கே அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எனக்குப் பதற்றம் போய்விடும். வேலை மட்டும்தான் கண்ணில் தெரியும். மைனியின் போனை வாங்கி, என் பேங்க் அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அழைத்து, கணக்கை முடக்கச் சொன்னேன். தேடலில் வந்த எண் எதையும் இனி தொடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாயிற்று. என் போனிலிருந்து அந்தச் செயலியை அழித்தேன். அடுத்தது மெயில். தேர்வுக்கான இணைப்பு அதில்தான் இருந்தது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் என் எண்ணுக்கு ஒரு குறியீடு வரும். என் போனை இணையத்தில் சேர்க்கப் பயம்.

"சிம்மைக் கழத்தி எனக்க போனுல போடு" என்றாள் மைனி.

சிம் தட்டைத் திறக்கும் ஊசி எங்கே போயிற்றோ தெரியாது. மைனி முந்தானையில் குத்தியிருந்த தையல் பின்னை உருவித் தந்தாள். அது அளவாகப் போயிற்று. சிம் அவள் போனுக்குள் போயிற்று, குறியீடு வந்தது, பாஸ்வேர்டு மாறியது. மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்தினேன். சைபர் குற்றப் புகார் எண்ணுக்கும் அழைத்துச் சொன்னோம். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, "காசு ஒண்ணும் போகலையே? அப்போ சரியான நேரத்துல கட் பண்ணிட்டீங்க" என்றாள்.

மைனி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கேட்டியா? சரியான நேரத்துல" என்றாள்.

மணி பத்தே முக்கால். தேர்வுக்கு நாலே கால் மணி நேரம். கம்ப்யூட்டர் இன்னும் முப்பத்தைந்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இனி நம்மளே பாப்பம்" என்றாள் மைனி.

"நமக்கு என்ன தெரியும் மைனி?"

"உனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். எனக்குப் பொறுமை உண்டு. பின்ன என்ன வேணும்?"

இந்த முறை மைனியின் போனில், இயங்குதளத்தைச் செய்யும் நிறுவனத்தின் சொந்த உதவிப் பக்கத்தை மட்டும் தேடினோம். முகவரியை எழுத்து எழுத்தாக நான் வாசித்தேன், மைனி சரிபார்த்தாள். நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் ப்ளவுஸ் அளவு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதிக்கொண்டாள். முதல் வரி: 'தேவையில்லாத வயரெல்லாம் ஊரு.' பிரிண்டரையும், பழைய வெப்கேமராவையும், என்ன என்றே தெரியாத இன்னொரு கருப்பு வயரையும் உருவிப் போட்டோம். கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டது போல இருந்தது.

இரண்டாவது வரி எனக்குப் பயமாக இருந்தது. கம்ப்யூட்டர் ஏறத் தொடங்கும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். அப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் அதற்கே ஏதோ சரியில்லை என்று புரிந்து, பழுது பார்க்கும் திரையைக் காட்டுமாம். 'அணைக்க வேண்டாம்' என்று அதுவே எழுதிக் காட்டும்போது அணைப்பதா?

"அந்த உதவிப் பக்கத்துல அப்பிடித்தானே போட்டிருக்கு?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"பின்ன அமத்து."

அழுத்தினேன். அணைந்தது. மறுபடி போட்டு, சின்னம் தெரிந்ததும் அழுத்தினேன். மூன்றாவது தடவை திரை கருப்பாக வெகுநேரம் நின்றது. மைனி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, பழுது பார்ப்பதற்குத் தயாராகிறது என்ற வரி மெதுவாகத் தெரிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டோம். ப்ளவுஸ் வாங்க வந்து முன்னறையில் காத்திருந்த ஒரு அம்மா, "என்னவாக்கும், என்னவாக்கும்?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல அக்கா, கம்ப்யூட்டருக்கு உயிரு வந்திருக்கு!" என்றாள் மைனி.

அங்கிருந்து சேஃப் மோட் என்ற நிலைக்குப் போனோம். மிகத் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஏறும் நிலை அது. படங்களெல்லாம் பெரிதாக, அசிங்கமாகத் தெரிந்தன. ஆனாலும் எங்கள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. நான் உதவிப் பக்கத்தில் சொன்னபடி முதலில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். சேமிப்பகத்தில் சி என்ற பகுதியின் கோடு முழுச் சிவப்பு. புது இயங்குதளம் வந்து உட்காரக் கால் வைக்க இடமில்லை. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் முப்பத்தைந்தில் திரும்பிப் போயிருக்கிறது! அதன் கீழே டி என்று இன்னொரு பகுதி. காலி. வாங்கின நாளிலிருந்து காலி. கடைக்காரர் பிரித்துக் கொடுத்ததை நாங்கள் ஒரு நாளும் திறந்தே பார்க்கவில்லை.

சியை நிறைத்துக்கொண்டிருந்தது அண்ணன்–மைனி கல்யாண வீடியோ. ஒரே வீடியோவை அண்ணன் மூன்று இடத்தில் வைத்திருந்தான், பத்திரமாக இருக்கட்டும் என்று.

"மூணையும் அழிச்சிரட்டா?" என்று கேட்டேன், சும்மா சீண்ட.

மைனி கையை ஓங்கினாள். "ஒண்ண வச்சிட்டு ரெண்ட அழி. அந்த ஒண்ணையும் பைய அங்கோட்டு மாத்து."

ஒன்றை டிக்கு நகர்த்தக் கொடுத்தேன். முப்பத்தெட்டு நிமிடம் என்று காட்டியது. பிறகு ஐம்பது என்றது. பிறகு இருபத்தொன்று என்றது. அதற்கே தெரியவில்லை. நாங்கள் இருவரும் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மைனி ஒரு தடவைகூடக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் அண்ணன் மைனியின் போனுக்கு வீடியோவில் வந்தான். விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் கடைக்காரன விளிங்க, நீங்க தொடாண்டாம்!" என்று பதறினான்.

"தொட்டாச்சு. பாதி சரியாக்கியாச்சு. நீங்க இத்தன நாளும் பிறகு, பிறகுன்னு அமத்தி வச்சதுக்கு நாங்க கிடந்து பாடுபடுகோம். வைங்க" என்று மைனி சொன்னதை அவன் இப்போதும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான்.

பன்னிரண்டு மணி ஆகும்போது சியின் கோடு நீலமாயிற்று. கம்ப்யூட்டரைச் சாதாரணமாக ஏற்றினோம். நேராக வந்தது! நான் துள்ளி எழுந்து மைனியைக் கட்டிப்பிடித்தேன். அவள், "சந்தோசப்படாத, இன்னும் எழுதினது கிடக்கு" என்று நோட்டுப் பக்கத்தைக் காட்டினாள். அதில் அடுத்த வரி: 'பழைய வைரஸ் கொல்லியைத் தூக்கு.' கடைக்காரர் போட்டுத் தந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் மூன்று வருஷத்துக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. அது தானும் வேலை செய்யாமல், கம்ப்யூட்டரோடு வந்த பாதுகாப்பையும் வேலை செய்ய விடாமல் நடுவில் நின்றிருந்தது. எங்கள் வார்டில் கட்டிலை அடைத்துக் கிடந்த பழுதான வென்டிலேட்டர் ஒன்று உடனே நினைவுக்கு வந்தது. அதை நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றியதும், பாதுகாப்புப் பக்கத்தில் சிவப்புக் குறிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. விரைவுச் சோதனை ஒன்றும் ஓட விட்டேன். வைரஸ் எதுவும் இல்லை. அந்த மரியாதைக்காரன் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடியும் அப்டேட்டை அழுத்தினேன்.

அப்போதுதான் மைனி சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஆனி மாதத்துச் சாரல் காலையிலிருந்தே இருந்தது. இப்போது காற்றும் சேர்ந்துகொண்டது. பேச்சிப்பாறைப் பக்கம் மலை இருந்த இடமே தெரியவில்லை. எதிரே ரப்பர் விளையில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. எங்கள் ஊரில் காற்றடித்தால் ஒரு ரப்பர் கொப்பாவது முறிந்து கறண்டுக் கம்பியில் விழும். இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"இந்த மெஷினு இன்வெர்ட்டர்ல இருக்கா?"

இல்லை. வீட்டு இன்வெர்ட்டரின் லைன் மைனியின் தையல் அறைக்கும் இரண்டு விளக்குக்கும் மட்டும்தான். அப்டேட் நடுவில் கறண்டு போனால் எல்லாம் போச்சு. அது பதிவிறக்கம் மட்டும் செய்துகொண்டிருந்த நேரம். நிறுத்தினேன், அணைத்தேன். மைனி தையல் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு வந்தாள். வயர் இரண்டு முழம் குறைந்தது. உடனே இருவருமாக மேசையையே தூக்கிக் கதவோரத்துக்குக் கொண்டுவந்தோம். கம்ப்யூட்டரும் இணையப் பெட்டியும் இன்வெர்ட்டரில் ஏறின. திரும்பப் போட்டேன். விட்ட இடத்திலிருந்தே பதிவிறக்கம் தொடர்ந்தது.

ஒன்றேகாலுக்கு நீலத் திரை, வட்டம். இருபது. முப்பது. முப்பத்தி நாலு.

இருவரும் மூச்சு விடவில்லை.

முப்பத்தி ஆறு.

"கடந்துட்டு!" என்று மைனி என் தோளில் ஓங்கி அடித்தாள். அந்த வலி மறுநாளும் இருந்தது.

நாற்பத்தொன்றில் கறண்டு போயிற்று. ஃபேன் நின்றது, தெருவெல்லாம் அமைதியாயிற்று. திரை ஒரு முறை கண் சிமிட்டியது. எரிந்துகொண்டே இருந்தது! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மைனி ஓடிப்போய்த் தையல் அறையின் விளக்கு, ஃபேன், தையல் மெஷின் மோட்டார் எல்லாவற்றையும் அணைத்தாள். இன்வெர்ட்டர் பழசு. பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

"நீ இஞ்ச இரி. கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். முக்குத் திருப்பத்தில் கம்பியில் கொப்பு விழுந்து கிடக்க, மின்வாரிய ஆட்கள் இரண்டு பேர் மழைக்கோட்டோடு வந்து நின்றார்களாம். அதில் மூத்தவரிடம், தன் நாத்தூன், புருஷனின் தங்கை, வெளிநாட்டுப் பரிட்சை எழுதப் போகிறாள், மூணு மணிக்குக் கறண்டு இல்லையென்றால் அவளுடைய ஜீவிதமே போய்விடும் என்று சொல்லியிருக்கிறாள். அவர், "ஒரு மணிக்கூறு தா மக்கா, கொப்ப வெட்டிட்டுத் தாறேன்" என்றாராம். நனைந்து வந்து இதைச் சொன்னபோது அவள் முகத்தில் போருக்குப் போய் ஜெயித்து வந்த களை.

அறுபது. எழுபத்தி ரெண்டு. கம்ப்யூட்டர் தானாக அணைந்து ஏறியது. எண்பது. இன்வெர்ட்டர் 'கீ' என்று ஒரு சத்தம் கொடுத்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் 'கீ'. நான் இணையப் பெட்டியின் வயரை உருவினேன், அதற்குப் போகும் கறண்டாவது மிச்சமாகட்டும் என்று. தொண்ணூற்றாறில் வெகுநேரம் நின்றது. அந்த நேரத்தில் நான் எத்தனை சாமிகளைக் கூப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நூறு. திரை இருண்டது. பிறகு 'வெல்கம்' என்ற ஆங்கிலச் சொல், அதன் பிறகு எங்கள் டெஸ்க்டாப். மணி இரண்டு ஐந்து.

நானும் மைனியும் அந்தக் கதவோரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். முப்பத்தோரு வயதும் முப்பத்து நாலு வயதுமான இரண்டு பெண்கள்.

சட்டென்று கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு, கறண்டுக்காகக் காத்திருந்தோம். மைனி மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். நான் தட்டை ஓரமாக நகர்த்தினேன். நோட்ஸைப் புரட்டினேன், ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. இரண்டரை. இரண்டே முக்கால். தெருவில் யாரோ, "வந்துட்டு!" என்று கூவினார்கள். எங்கள் வீட்டு ஃபேன் கரகரவென்று சுழன்றது. நான் பொத்தானை அழுத்திய வேகத்தில் நகம் ஒடிந்தது. இணையப் பெட்டியின் வயரைத் திரும்பச் செருகி, தேர்வு மென்பொருளைத் திறந்தேன். மஞ்சள் பெட்டி வரவில்லை. 'உங்கள் கம்ப்யூட்டர் தயார்' என்று ஒரு பச்சைக் குறி.

அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. மைனி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். போகும்போது, "பயப்படாண்டாம்" என்று மட்டும் சொன்னாள். காலையில் வேறொருவன் அதையே சொல்லிக் கேட்டவள் நான். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

தேர்வு எப்படிப் போயிற்று என்று கேட்டால், கை ஓடும் வேகம் குறையாமலே ஒன்றரை மணி நேரமும் போயிற்று. காலை எட்டு மணியிலிருந்து நான் ஒன்று மாற்றி ஒன்றாக முடிவெடுத்துக்கொண்டே இருந்தேன் அல்லவா, அந்த ஓட்டத்திலேயே எழுதிவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. தேறியிருந்தேன். நேர்முகத் தேர்வில் முதல் தடவை விட்டுவிட்டேன், இரண்டாம் தடவை கிடைத்தது. இப்போது விசாவுக்குக் காத்திருக்கிறேன்.

அந்த வாரமே வீட்டில் சில காரியங்கள் செய்தோம். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வீடியோவையும் சான்றிதழ்களையும் அதில் நகல் எடுத்து, பீரோவில் வைத்தோம். மாதம் ஒருமுறை எடுத்துப் புது நகல் வைக்க வேண்டும் என்பது என் கட்டளை. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டாக அண்ணன் பெயரும் பிறந்த வருஷமும் இருந்ததை மாற்றினோம். இப்போது ஒவ்வொன்றும் மைனி மட்டுமே யோசிக்கக்கூடிய நாலு சம்பந்தமில்லாத வார்த்தைகள். 'பிறகு' என்பதை யாரும் தொடக் கூடாது. என் போனைச் சுத்தமாக அழித்து முதலிலிருந்து ஏற்றினேன்.

ஆனால் நான் சொல்ல வந்த சந்தோஷம் இதற்குப் பிறகுதான் வந்தது. போன மாதம் ஒரு மதியம் ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தேன். மைனி அழைத்தாள். குரலில் அவ்வளவு உற்சாகம், முதலில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ரிட்டயர் ஆன ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அந்த அம்மா அலறிக்கொண்டு தையல் கடைக்கு ஓடி வந்திருக்கிறாள். வாத்தியார் ஏதோ செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவந்து, சைரன் அடித்து, 'உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்ததாம். வாத்தியார் போனைக் கையில் எடுத்துவிட்டாராம்.

"நான் ஓடிப் போயி, சாரே அந்தப் போனை வைங்கன்னு சொன்னேன். அவரு, அம்மா, இது கம்ப்யூட்டரே சொல்லுகுன்னாரு. நான் சொன்னேன், கம்ப்யூட்டரு ஒரு நாளும் போன் பண்ணச் சொல்லாது சாரே, நம்பர் போட்டிருந்தாலே கள்ளன்னு வச்சுக்கிடுங்க."

"பொறவு?"

"பொறவு என்ன? அது வெறும் ஒரு பக்கம்தானே? மூலையில பெருக்கல் குறி தெரியேல்ல. அதனால நீ சொல்லித் தந்த மாதிரி மூணு விரலால மூணு பொத்தானை ஒண்ணா அமத்தி, அந்தப் பிரௌசரை அப்பிடியே முடிச்சு விட்டேன். சைரன் டப்புன்னு நின்னுது! அந்த அம்மா எனக்க கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. திரும்பத் தொறக்கும்போ பழைய பக்கத்தத் தொறக்கவான்னு கேட்டுது, வேண்டாம்னு அமத்தினேன். சரிதானே?"

"சரிதான் மைனி. நூத்துக்கு நூறு சரி."

"அதுக்குப் பொறவு அவங்க பாதுகாப்பு பக்கத்தையும் பாத்தேன். அப்டேட்டு ரெண்டு மாசமா கிடக்கு. சாயங்காலம் வந்து போடட்டான்னு கேட்டேன், சாரு சாயா போட்டு வைக்கேன்னு சொல்லியிருக்காரு. சரி, எனக்கு ஒரு ப்ளவுஸ் வெட்டக் கிடக்கு, வைக்கேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

நான் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸிடம் திரும்பினேன். அவளுக்கு மைனியை முன்பின் தெரியாது. ஆனாலும் அன்று அந்தக் கள்ள உதவி எண்ணை நான் அழைத்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அவள் தட்டு காலி. என் சோறு அப்படியே இருந்தது.